தாத்தா ராத்திரியில் ஏன் எழுந்திருக்கிறார்?

ராத்திரியில் மூன்று நாலு தடவை பாத்ரூம் போகிற தாத்தாவை, "சர்க்கரையா இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். சர்க்கரையைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் போய் நின்றும் சிறுநீர் உடனே வராமல், விட்டுவிட்டு வந்து, முடிந்த பிறகும் சொட்டினால், புராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம்.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பி. அதன் நடுவே சிறுநீர்க்குழாய் போகிறது. வயதாக ஆகச் சுரப்பி பெருத்துக் குழாயை நெருக்குகிறது. இது புற்றுநோய் அல்ல. 60 வயதைத் தாண்டிய ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்த வீக்கம் உண்டு. வெட்கப்பட்டு மறைக்க எதுவுமே இல்லை.

டாம்சுலோசின் மாத்திரை சில நாளிலேயே இறுக்கத்தைத் தளர்த்தும். தலைசுற்றலாம், படுக்கையிலிருந்து மெதுவாக எழ வேண்டும். ஃபினாஸ்டரைடு சுரப்பியையே சுருக்கும். அதற்கு 6 மாதமாவது பொறுக்க வேண்டும். பத்து நாளில் "மருந்து கேட்கல" என்று நிறுத்திவிடாதீர்கள். மாத்திரைக்கு அடங்காவிட்டால், வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே அடைப்பைச் சுரண்டி எடுக்கிறார்கள்.

முக்கியமாக ஒன்று. சளிக்கென்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகள், இந்த வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீரை அடியோடு அடைத்துவிடலாம். அடிவயிறு உப்பி வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ட்யூப் போட்டு வெளியேற்றிவிடுவார்கள்.