மனதுக்கும் அளவுகோல் உண்டு
(பெரியபாளையத்தில் செய்த சொற்பொழிவு)



உடம்பு சுட்டால் காய்ச்சல் கருவி வைத்துப் பார்க்கிறோம். மனம் சோர்ந்தால் மாத்திரம் பேய் என்கிறோம். வேப்பஞ்சேலை வேண்டுதல் என்கிறோம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ந் தேதி, சங்கிலியில் கட்டப்பட்டு ஓட வழியற்ற மனநோயாளிகளைத் தீ சூழ்ந்து 28 பேர் மாண்டதும் இவ்வெண்ணத்தின் பலனேயாகும்.

மனதையும் அளக்கலாம். தூக்கம், பசி, ஊக்கம் முதலியவை சென்ற இரண்டு வாரமாக எப்படி என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை எண். மொத்தம் 27-ல் 10-ம் அதற்கு மேலும் வந்தால் வைத்தியரைக் காணவேண்டியதுதான்.

2020 மார்ச்சு 24-ல் ஒலிம்பிக் ஒத்திவைக்கப்பட்டது. மறுநாள் முதல் நாடெங்கும் ஊரடங்கு. அக்கொரோனாக் காலத்தில் ஆட்டக்காரரையும் மற்றவரையும் பல நாடுகளில் இப்படி அளந்து பார்த்தார்கள். ஆட்டக்காரருக்கு எண் குறைந்தால், ஆட்டமே மருந்து என்று முடிவு கட்டலாமா? கூடாது. முன்னமே திடமுள்ளவன் ஆடப் போயிருக்கலாம். கும்மிடிப்பூண்டியில் கூலி இழந்த ஆலைத் தொழிலாளிக்கு ஓட மனமேது? வயது, வருமானம், பழைய நோய் இவற்றையும் விசாரியாமல் ஒப்பிடுவது, "வேண்டினேன், பிழைத்தேன்" என்பவனின் கணக்கையே ஒக்கும்.

ஆட்டக்காரனும் மனிதனே. 2021-ல் டோக்கியோவில் உலகப் புகழ்பெற்ற சிமோன் பைல்ஸ், மனநிலை சரியில்லையென்று பகிரங்கமாய்ச் சொல்லிக் குழுப் போட்டியினின்று விலகினார். அதில் மானக்கேடு என்ன?

ஆதலால், தோழர்களே, வீட்டில் ஒருவர் வாடினால் மந்திரவாதியைத் தேடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். நான் சொல்வதையும் அப்படியே நம்பவேண்டாம். விசாரித்துப் பார்த்து, சரியென்று பட்டால் செய்யுங்கள்.