உணவை அஞ்சும் உள்ளமும் கருணை மருத்துவமும்



பசித்தவர்க்கு உணவளிப்பது அறம் என்பதை யாவரும் அறிவர். ஆயின், உணவு முன்னே இருந்தும் அதனைக் கண்டு அஞ்சும் ஒருவர்க்கு எதனை அளிப்பது? இவ்வினாவிற்கு இங்கிலாந்து நாட்டு உளவியலாளர் இருவர் கண்ட விடையே இவ்வுரையின் பொருளாகும்.

1870களில் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல், உண்ண மறுத்து மெலிந்துபோன இளம்பெண்களின் நோய்க்கு 'அனோரெக்சியா நெர்வோசா' என்று பெயரிட்டார். அனோரெக்சியா என்பதற்குப் பசியின்மை என்று பொருள். உண்மையில் அந்நோயாளர்க்குப் பசி இல்லாமல் இல்லை. உடல் பருத்துவிடுமோ என்னும் அச்சம் பசியை வென்று நிற்கிறது. அதே நகரில் 1979இல் ஜெரால்டு ரசல் என்னும் மனநல மருத்துவர் 'புலிமியா நெர்வோசா' என்னும் நோயை விளக்கினார். அடக்க இயலாமல் பெருமளவு உண்டு, பின்னர் அதனை வாந்தி முதலியவற்றால் வெளியேற்ற முயல்வது அதன் இயல்பு. இவ்விரண்டும் பெண்களிடம் மிகுதி. எனினும் ஆண்களுக்கும் வருவன.

இவற்றைப் பிடிவாதம் என்று கருதுவோர் உண்டு. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த ஆய்வு ஒன்று அவர்க்கு விடை கூறும். உடல்நலமும் மனநலமும் வாய்ந்த 36 இளைஞர்க்கு, அவர்தம் இசைவுடன், ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் 24 வாரங்கள் குறைந்த உணவே அளித்தார். ஏறத்தாழக் காற்பங்கு எடையை இழந்த அவர்கள் எந்நேரமும் உணவையே எண்ணினர். சமையல் நூல்களை விரும்பிப் படித்தனர். எரிச்சலும் சோர்வும் கொண்டு பிறரிடமிருந்து விலகினர். பட்டினி உடலை மட்டுமன்றி மனத்தையும் மாற்றும் என்பது இதனால் புலனாகிறது. அவ்வாறு மாறிய மனத்தைக் கடிந்து பேசித் திருத்த இயலாது.

இங்கிலாந்தின் டார்பி நகரில் பணியாற்றிய உளவியலாளர் பால் கில்பர்ட், மனச்சோர்வுற்றோர் சிலரிடம் ஒன்றைக் கண்டார். 'நீ பயனற்றவள் அல்லள்' என்பது போன்ற தெளிவான எண்ணங்களை அவர்கள் சிகிச்சையில் கற்றுக்கொண்டனர்; ஆயினும் அச்சொற்களைக் கடுஞ்சினத் தொனியிலேயே தமக்குள் கூறிக்கொண்டனர். சொல் மாறிற்று, குரல் மாறவில்லை. அக்குரலைக் கனிவுடையதாக்கும் பயிற்சியே அவர் வகுத்த 'கருணைவழிச் சிகிச்சை'. மனிதர்க்கு மூவகை உணர்ச்சி இயக்கங்கள் உள என்பது அவர் கொள்கை. தீங்கைக் கண்டு அஞ்சுவது ஒன்று; வேண்டியதை நாடி விரைவது மற்றொன்று; அன்பால் அமைதியுறுவது மூன்றாவது. நோயுற்றோரிடம் முதலிரண்டும் ஓங்க, மூன்றாவது தளர்ந்துவிடுகிறது.

கவென்ட்ரி நகரின் உளவியலாளர் கென் காஸ், இதனை உணவு சார்ந்த நோய்களுக்கு ஏற்ப அமைத்தார். அந்நோய்களின் வேரில் நாணமும் தன்னிகழ்ச்சியும் இருப்பதை அவர் சுட்டினார். உண்ணாதிருத்தலில் ஒரு பெருமிதம் தோன்றும்; கட்டுப்பாடு தளர்ந்து உண்டதும் நாணம் சூழும்; அந்நாணத்தைத் தணிக்க மீண்டும் பட்டினி, அல்லது மீண்டும் மிகையுண்டி. இச்சுழலில் இகழ்ச்சியைச் சேர்ப்பது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும்.

ஆதலின், இச்சிகிச்சையில் காலந்தவறாமல் உண்ணும் ஒழுங்கோடு மனப்பயிற்சியும் இணைகிறது. மெதுவாக மூச்சுவிடப் பழகுதல், தன் துன்பத்தை உணர்ந்த அன்பர் ஒருவர் எழுதுவதுபோலத் தனக்குத் தானே மடல் வரைதல் ஆகியன அப்பயிற்சிகளுட் சில. தொடக்கத்தில் நோயாளர் பலர் கனிவையே அஞ்சுவர். தமக்கு அதற்குத் தகுதியில்லை என்பர். கனிவு கொண்டால் கட்டுப்பாடு குலையும் என்பர். அவ்வச்சத்தையும் பொறுமையுடன் கேட்பது மருத்துவர் கடமை. கருணை என்பது நோய்க்கு விட்டுக்கொடுத்தல் அன்று. துன்பத்தை நேரில் நோக்கி, அதனைக் களைய முயலும் துணிவு என்கிறார் கில்பர்ட்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். இந்நோய்கள் உயிருக்கே ஊறு செய்ய வல்லன. வாந்தியால் குருதியில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு பிறழக்கூடும். நெடுநாள் பட்டினி கிடந்தவர்க்குத் திடீரென மிகுந்த உணவளிப்பதும் தீங்காகும். ஆகவே மருத்துவரின் கண்காணிப்பு முதலில் தேவை; மனப்பயிற்சி அதற்கு மாற்றாகாது, துணையாகும்.

நோன்பு நோற்கும் குடும்பங்கள் கூடியுள்ள இவ்வவையில் மற்றொன்றையும் கூறுதல் தகும். நோன்பு வேறு, நோய் வேறு. நோன்பிற்கு நாளும் நெறியும் உண்டு. பாரணையில் மகிழ்ச்சி உண்டு. நோய்க்கு முடிவுநாள் இல்லை. உண்ணும் வேளையில் அச்சமே உண்டு. ஒரு பெண் நோன்பு முடிந்த பின்னும் உணவைத் தவிர்த்தாலோ, எடையையே எண்ணிக்கொண்டிருந்தாலோ, உண்டவுடன் தனியே ஒதுங்கினாலோ, மாதவிடாய் நின்றாலோ, பெற்றோர் அதனைப் பக்தி என்று மகிழ்ந்திருத்தல் ஆகாது. பிடிவாதம் என்று கடிதலும் ஆகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

வீட்டிலும் செய்யத் தக்கன உள. பருமனையும் மெலிவையும் பற்றிய கேலியைப் பந்தியிலிருந்து விலக்கலாம். 'ஏன் உண்ணவில்லை?' என்று அதட்டுவதை விடுத்து, 'உனக்கு என்ன துன்பம், அம்மா?' என்று கேட்கலாம். மருத்துவர் குறித்த உணவை உறுதியோடும் கனிவோடும் பரிமாறி, அவள் உண்டு முடிக்கும்வரை உடன் அமர்ந்திருக்கலாம். நலம் பெறத் திங்கள் பல ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். அதுவரை உடன் அமர்ந்திருக்கும் பொறுமையும் உயிரிரக்கத்தின்பாற் பட்டதே.