விதைக் கடன்



போன தை மாசம் எங்க குழு 12 பேரும் ஊரில் உள்ள வீட்டுத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தோம். ஒரு வீட்டில் பாத்திரம் கழுவுற தண்ணி வாய்க்கால் வழியா வாழைக்குப் போகுது. இன்னொரு வீட்டில் காலைப் பனி ஈரம் காயுறதுக்குள்ள அவரைக் கொடியில் அடுப்புச் சாம்பல் தூவுறாங்க. அசுவினி குறைஞ்சிருக்கு.

கடைசித் தெருவில் ஒரு அம்மா, "எங்க வீட்டுல பாக்க என்னம்மா இருக்கு?"ன்னு கேட்டாங்க. வாசலில் நாலு முழம்தான் இடம். கூரையில் சுரைக்கொடி, சிமெண்டு சாக்கில் கத்தரி, மிளகாய். அடுப்புக்கு மேலே விதைக்காக முத்தவிட்ட சுரை, பீர்க்கன் நெற்றுகள். எல்லாம் அவங்க மாமியார் காலத்து விதை.

கடையில் வாங்குற வீரிய ஒட்டு விதை காய்ச்சு, அதிலிருந்து விதை எடுத்துப் போட்டா தாய்ச்செடி மாதிரியே வராது. வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்கணும். நாட்டு விதைக்கு அது இல்லை. ஆனா அந்த அம்மாவுக்கு வயசு எழுபதுக்கு மேல. அவங்களுக்குப் பிறகு அந்த விதை?

அன்னைக்கே ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கிட்டு குழு நோட்டில் கடனா எழுதினோம். ஆடிப்பட்டத்தில் போட்டு, விளைஞ்சதும் இரண்டு மடங்கு விதையாத் திருப்பித் தரணும். பணக் கடனைத் தவணை தவறாமக் கட்டுற நமக்கு இது பெரிசில்லை.

ஆடிக்கு முன்னாடி நீங்களும் உங்க ஊரைச் சுற்றிப் பாருங்க. சின்ன வாசல்னு எதையும் தாண்டிப் போயிடாதீங்க.