தெருமூடி மடமும் சுமைதாங்கியும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பருத்தித்துறையின் பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசும்படி பணித்தீர்கள். மிஷன் பாடசாலையிற் படித்தவன் நான். ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தது 1658ஆம் ஆண்டு என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலுஞ் சொல்வேன். ஆனால் நாள்தோறும் சைக்கிளிற் கடந்துபோன தெருமூடி மடத்தை ஒருநாளாவது இறங்கிப் பார்த்தேனில்லை. வெட்கத்தோடு இதனைச் சொல்லுகிறேன்.

பெயரே அதன் அமைப்பைச் சொல்லிவிடும். கூரை தெருவை மூடி நிற்கிறது. தெரு அதனூடாகவே போகிறது. இருபுறமும் கற்றூண்களும் உயர்ந்த திண்ணைகளும். வெயிலில் வந்தவன் இளைப்பாறுவதற்கு வழியை விட்டு விலகவேண்டியதில்லை. எவரிடமும் உத்தரவு கேட்கவேண்டியதுமில்லை, கதவிருந்தாலல்லவா தட்டுவதற்கு!

மடம், கேணி, மாடுகள் உடம்பை உரைஞ்சிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல், சுமைதாங்கி ஆகிய இவையெல்லாம் நம்மவர் வழிப்போக்கருக்கும் வாயில்லாச் சீவன்களுக்கும் செய்துவைத்த தருமங்கள். இவற்றுட் சுமைதாங்கியைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நிறுத்திய கற்களின்மேல் ஒரு கிடைக்கல், அவ்வளவே. தலைச்சுமையோடு தனியே வருபவர் பிறர் கைகொடாமலே இறக்கவும் மறுபடி ஏற்றவும் தக்க உயரம். கருவுற்றிருக்கையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டுவது வழக்கமாயிருந்தது. இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனாளே என்ற வீட்டாரின் துயரம், ஊராரின் சுமையை இறக்கும் கல்லாயிற்று.

எங்கள் ஒழுங்கையில் நின்ற சுமைதாங்கியின் கிடைக்கல் இன்று ஒரு கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் கல்லாகக் கிடக்கிறது. அது யாருடையதென்று என் ஆச்சியைக் கேட்டேன். "அது ஒரு பிள்ளைத்தாச்சியின்ரை கல்லடா மோனை" என்றார். பெயர் என்னவென்றேன். நெடுநேரம் யோசித்தார், நினைவுக்கு வரவில்லை.

லொறியும் உழவு இயந்திரமும் ஓடும் இக்காலத்தில் சுமைதாங்கி எதற்கென்று கேட்பவர்கள் உண்டு. அவர்களோடு நான் வாதாட வரவில்லை. எல்லாவற்றையும் மீள நிறுத்துவோம் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. பெயர்களையாவது எழுதிவைக்கலாம் அல்லவா?

வருகிற ஞாயிறு காலை தெருமூடி மடத்துத் திண்ணையில் கொப்பியும் பென்சிலுமாக இருப்பேன். தத்தம் ஒழுங்கையில் நின்ற சுமைதாங்கி யார் பெயரால் நாட்டப்பட்டதென்று நினைவுள்ள பெரியோர்கள் அன்புகூர்ந்து அங்கு வந்து சொல்லுங்கள். நடக்க இயலாதவர்கள் சொல்லியனுப்பினால் நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.