மண்ணைக் காக்கும் பச்சைப் போர்வை



பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் உங்கள் தோட்டத்தில் இரண்டு சரிவுகளைப் பார்த்து வாருங்கள். ஒன்று, பழைய மரங்களைச் சாய்த்துவிட்டு, மறுநடவுக்காக வெறும் மண்ணாகக் கிடப்பது. மற்றொன்று, கொடி படர்ந்து மண்ணே தெரியாமல் இருப்பது. முதல் சரிவின் கீழே ஓடும் நீர் செம்மண் குழம்பாக இருக்கும். இரண்டாவதன் கீழே நீர் தெளிவாக ஓடும். இரண்டிலும் பெய்த மழை ஒன்றுதான். வேறுபாட்டைச் செய்தது மேலே கிடந்த பச்சைப் போர்வை.

மலாயாவில் ரப்பர் பயிரிடத் தொடங்கிய காலத்தில், புல் பூண்டு இல்லாமல் சுரண்டி வைத்த தோட்டமே நல்ல தோட்டம் என்று எண்ணினார்கள். நம் முன்னோர் மண்வெட்டியும் கையுமாக அந்த வேலையைச் செய்தார்கள். சரிவுகளில் இருந்த வளமான மேல்மண் மழையோடு போயிற்று. பட்டறிந்த பிறகுதான் பியூராரியா, சென்ட்ரோசீமா போன்ற அவரை இனக் கொடிகளைப் பால்மரங்களுக்கு இடையே வளர்க்கும் வழக்கம் பரவியது. அவை மண்ணை மூடிக் காக்கின்றன. காற்றிலுள்ள தழைச்சத்தையும் மண்ணில் சேர்க்கின்றன.

தோட்டத்தில் கற்ற இந்தப் பாடம் மாநிலம் முழுவதற்கும் பொருந்தும். சாலை, பாலம், அணை, குடிநீர்க் குழாய் ஆகியவற்றைக் கட்டமைப்பு என்கிறோம். மலைக்காடு, ஓடைக்கரை மரங்கள், சதுப்பு நிலம், கடலோரக் கண்டல் காடு ஆகியவையும் ஒன்றோடொன்று தொடர்ந்து நின்று மண்ணையும் நீரையும் காக்கின்றன. ஆகவே அவற்றைப் பசுமைக் கட்டமைப்பு என்று வல்லுநர்கள் அழைக்கிறார்கள்.

கெடாவின் கிழக்கே உள்ள ஹூலு மூடா காட்டை எடுத்துக்கொள்வோம். மூடா, பெடு அணைகள் 1970-ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டி முடிக்கப்பட்டன. அவற்றின் நீரால்தான் கெடா, பெர்லிஸ் சமவெளியில் ஆண்டுக்கு இருமுறை நெல் விளைகிறது. அணையைக் கட்டியது மனிதன். அதற்கு நீர் சுரந்து தருவது காடு. மழைநீரைக் காடு உள்வாங்கிக்கொண்டு சிறிது சிறிதாக விடுகிறது. காடு அழிந்தால் மண் கரைந்து அணைக்குள் வண்டலாகப் படியும். நீர் தேங்கும் இடம் குறையும். மூடா ஆறும் அங்கேதான் பிறக்கிறது. பினாங்கு மாநிலம் தன் குடிநீருக்கு எடுக்கும் நீரில் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்தே வருகிறது. ஆகவே பட்டர்வொர்த்தில் ஒரு தாய் குழாயைத் திறக்கும்போது, மலைமேல் இருக்கும் ஒரு மரத்துக்கும் அதில் பங்கு உண்டு.

காடு இருந்தால் வெள்ளமே வராது என்று நான் சொல்லவில்லை. குனோங் ஜெராய் மலை காடு போர்த்த மலைதான். ஆயினும் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் தேதி பெய்த கடும் மழையில், அங்கே மண் சரிந்து பாறைகளும் மரங்களும் ஓடை வழியே பாய்ந்து வந்தன. யான் வட்டாரத்தில் உயிர்கள் பறிபோயின. அடுத்த ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி பாலிங் வட்டாரத்துக் கூப்பாங் பகுதியில் சேறும் மரங்களும் கலந்த வெள்ளம் வீடுகளை அடித்துச் சென்றது, மூவர் மாண்டனர். மலைமேல் நிலம் திறக்கப்பட்டது பற்றி அப்போது பலரும் கேள்வி எழுப்பினர்.

இவற்றிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. செங்குத்தான மலைச் சரிவில் காட்டை அழிக்கக் கூடாது. ஓடைக்கு அதன் இடத்தை விட்டுவிட வேண்டும். அதன் கரையை ஒட்டி வீடு கட்டக் கூடாது. வீடு கட்டிய பிறகு தடுப்புச் சுவர் எழுப்புவதைவிட, நிலத்தைத் திறப்பதற்கு முன்பே எந்த இடம் பச்சையாக நிற்க வேண்டும் என்று வரைபடத்தில் குறித்துவிடுவது செலவு குறைந்தது, உயிரையும் காப்பது.

"வரைபடம் போடுவது பெரிய அதிகாரிகள் வேலை, நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்கும் அதில் இடம் உண்டு. 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டத்தின்படி, ஒரு வட்டாரத்தின் நிலத் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் மக்கள் தங்கள் மறுப்பை எழுதிக் கொடுக்கலாம். சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கங்களில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்தில் இருந்தாலும், தாமானுக்குக் குடிபெயர்ந்திருந்தாலும், நகராண்மைக் கழகம் அத்தகைய அறிவிப்பு விடுக்கும்போது நாலு பேராகச் சேர்ந்து போய்ப் பாருங்கள். எழுத்து படித்த பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நம் ஓடை எங்கே, அதன் கரை எவ்வளவு விடப்பட்டிருக்கிறது, மேலேயுள்ள காடு என்ன ஆகப்போகிறது என்று கேளுங்கள்.

எந்த ஓடை எந்த மழைக்குப் பொங்கும் என்பதை, அந்த மண்ணில் நாற்பது ஆண்டு பால் வெட்டியவரைவிட நன்றாக யார் அறிவார்? அந்த அறிவு உங்களோடு நின்றுவிடாமல் வரைபடத்திலும் ஏறட்டும்.