மேடு காட்டிக் கொடுக்கும்

(ஆண்டு நிறைவு விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"சிஸ்டர், ஸ்காட்லாந்தில் போய் ஓடிய கதையைக் கொஞ்ச நேரம் சொல்லுங்கள்" என்று ஐயரவர்கள் கேட்டார்கள். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஊசி போடச் சொன்னால் கை நடுங்காது. மைக்கைப் பிடித்தால் நடுங்குகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நாசரேத்தில் பிறந்தவள். வேலூரில் நர்சிங் படித்தேன். 2004-இல் இந்த நாட்டுக்கு வந்து, அடாப்டேஷன் பயிற்சி முடித்து, அன்றுமுதல் வார்டில் வேலை செய்கிறேன். எங்கள் ஊரில் பனைமரம் உண்டு, தேரி மணல் உண்டு, மலை கிடையாது. இங்கே ஈஸ்ட் ஹாமுக்கு வந்தேன், இதுவும் சமதரைதான். நாற்பது வயதுக்குப் பிறகு ஓட ஆரம்பித்தபோது, மேடு என்றால் என்னவென்றே என் கால்களுக்குத் தெரியாது.

பிள்ளைகளே, மாரத்தான் ஓட்டம் 42.195 கிலோமீட்டர் தூரம். இந்த விசித்திரமான கணக்கு நம் லண்டனில் பிறந்தது. 1908 ஒலிம்பிக் போட்டியில் வின்ட்சர் கோட்டையில் புறப்பட்டு, வெள்ளை நகரம் என்று பெயர் கொண்ட ஒயிட் சிட்டி மைதானத்தில் அரச குடும்பம் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அன்று ஓடிய தூரம்தான் பிறகு, 1921-இல், எல்லோருக்கும் பொதுவான அளவாயிற்று.

நாங்கள் ஓடப் போனது இன்வர்னெஸ் நகரத்துக்கு. ஸ்காட்லாந்தின் வடக்கே இருக்கிற சின்ன ஊர். 2000-ஆம் ஆண்டில்தான் அதற்கு மாநகர் என்ற பட்டமே கிடைத்தது. அதன் பக்கத்தில் லாக் நெஸ் ஏரி. நீளம் சுமார் 37 கிலோமீட்டர். ஆழம் 200 மீட்டருக்கு மேல். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் உள்ள எல்லா ஏரிகளின் தண்ணீரையும் சேர்த்தாலும் இந்த ஒரே ஏரியின் தண்ணீருக்கு ஈடாகாது. ஆம், அந்தப் பூதம் இருக்கிறது என்று சொல்லும் ஏரியேதான். நான் பார்த்தேனா என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அண்ணாச்சியின் கதை. அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். அவரிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். "வடையை மட்டும் விட்டுவிடு" என்றார். அது முடியாது அண்ணாச்சி, மன்னிக்கவும்.

முந்தின வருடம் மாசி மாதம் நம் சபையில் ஏழு பேர் சேர்ந்து நடக்க ஆரம்பித்தோம். ஈஸ்ட் ஹாம் சென்ட்ரல் பார்க்கில் அண்ணாச்சி எல்லோருக்கும் முன்னால் நடப்பார். அறுபத்தொரு வயது, மூன்று சுற்று முடியும்வரை பேச்சு நிற்காது. சமதரை போதாது என்று, வுல்விச் இலவசப் படகில் தேம்ஸைக் கடந்து ஷூட்டர்ஸ் ஹில் மேட்டுக்குப் போனோம். லண்டனின் உயரமான இடங்களில் அது ஒன்று. பாதி மேட்டில் அண்ணாச்சி நின்றார். குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். எழுந்து மறுபடி நடந்தார். அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடியும் லேஸ். அது அவிழ்ந்திருக்கவில்லை. நான் பார்த்தேன்.

"என்ன அண்ணாச்சி?" என்றேன். "வாயுக்கோளாறும்மா. காலையில் நாலு உளுந்து வடை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று வாரம் சிரித்தேன். இதைத்தான் இன்று உங்கள் முன் சொல்ல வந்தேன். வார்டில் ஒரு நோயாளி, ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று சொன்னால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க மாட்டேன். ஆனால் சபையில் தெரிந்த மனிதர், சிரித்த முகம், ஜெபக்கூட்டத்தில் முதல் ஆளாய் நாற்காலி எடுத்துப் போடுகிறவர். அவருக்கு ஒன்றும் இருக்காது என்று என் மனமே முடிவு பண்ணிவிட்டது. நான்காவது வாரம் அவர் நெற்றி வேர்த்திருந்தது. அன்று குளிர் நாள். அப்போதுதான் நான் தங்கச்சியாக இருப்பதை விட்டு நர்ஸானேன். சுவர் ஓரமாக உட்கார வைத்து, எங்கே வலி, எவ்வளவு நேரம், எப்போது விடுகிறது என்று கேட்டேன். மூன்று நிமிடத்தில் விட்டுவிட்டது. அன்றே டாக்டரிடம் சொல்ல வைத்தேன். பரிசோதனையில் இருதய இரத்தக்குழாய் இரண்டு இடத்தில் சுருங்கியிருந்தது. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள்.

சென்ட்ரல் பார்க்கில் பத்து வருடம் நடந்திருந்தாலும் அது தெரிந்திருக்காது. சமதரையில் இருதயத்துக்கு வேலை குறைவு. அரைகுறையாகப் போகும் இரத்தமே போதும். மேட்டில் கூடுதலாகக் கேட்கும்போது கொடுக்க முடியாமல் நெஞ்சு முறையிடுகிறது. சமதரை மறைத்ததை மேடு காட்டிக் கொடுத்தது.

அதன்பிறகு மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, "இனி இவரைத் தனியாக நடக்க விட மாட்டேன்" என்று கூடவே வர ஆரம்பித்தார்கள். அப்படி நடந்து நடந்துதான், ஐம்பத்தேழு வயதில், டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு, மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தார்கள். மதினி, நான், பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தம்பி, மூன்று பேரும் இன்வர்னெஸுக்கு ரயில் ஏறினோம். அண்ணாச்சி பை தூக்க வந்தார்.

புறப்படும் முன் ஒரு பெரியம்மா என்னிடம் கேட்டார்கள்: "ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு ஓடலாமா?" நியாயமான கேள்வி. ஸ்காட்லாந்து மிஷனெரி எரிக் லிடல், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் அதை விட்டுவிட்டார். வேறு நாளில் 400 மீட்டர் ஓடித் தங்கப் பதக்கம் வாங்கினார். அவர் ஓட்டத்தை விட்டார், நான் ஆராதனையை விட்டேன். இதற்குச் சமாதானம் சொல்ல நான் முயலவில்லை. பெரியம்மா எனக்காக ஜெபித்தார்கள். திரும்பி வந்ததும் காலுக்குத் தைலமும் கொடுத்தார்கள்.

ஓட்டத்தன்று காலையில் ஊரிலிருந்து பஸ்ஸில் ஏற்றி, ஏரிக்கு மேலே மேட்டு நிலத்தில் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து ஏரிக்கரை வழியாக ஊருக்கே ஓடி வரவேண்டும். மரமில்லாத வெட்டவெளி, ஊசி குத்துகிற குளிர். பேக்பைப் வாத்தியக்காரர்கள் வாசித்துக்கொண்டு நடந்துவர, உடம்பு சிலிர்த்தது. பிறகு ஓட்டம் தொடங்கியது. பாதை முதலில் பெரும்பாலும் இறக்கம்.

இறக்கம் என்றால் சந்தோஷம்தானே? தம்பி பட்டம் அறுந்ததுபோலப் பறந்துவிட்டான். நானும் பின்னாலேயே போனேன். பிர்ச் மரங்கள் மஞ்சளாகி நிற்க, கிளைகளுக்கு நடுவே ஏரி கறுப்பாகத் தெரியும், மறையும். குற்றாலத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போனபோது பஸ் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்ததுபோல் பார்த்துக்கொண்டே ஓடினேன். மதினி மட்டும் எங்களோடு வரவில்லை. சின்ன ஏற்றம் வந்தாலும் நடந்தார்கள். இறக்கத்திலும் மெதுவாகவே வந்தார்கள். "பாவம், மதினி பின்தங்கிவிட்டார்கள்" என்று நினைத்தேன்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆனால் தொடைச் சதையை அதிகம் கிழிப்பது இறக்கம். இறங்கும்போது தொடைதான் பிரேக். ஒவ்வோர் அடியிலும் நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. சதையில் நுண்ணிய காயங்கள் உண்டாகின்றன. அப்போது வலி தெரியாது. அதோடு, சதையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாச்சத்து பலருக்கு சுமார் 30 கிலோமீட்டர் வரைக்கும்தான் தாங்கும். வேகமாக ஓடினால் அது இன்னும் முந்தியே தீரும்.

லாக் நெஸ் ஓட்டத்தில் சுமார் 29-ஆவது கிலோமீட்டரில் டோர்ஸ் என்ற சிற்றூர் வருகிறது. ஜனங்கள் கைதட்டுகிறார்கள். அதைத் தாண்டினால் நீண்ட ஏற்றம். கையிருப்பு தீரும் நேரம் பார்த்து மேடு காத்திருக்கிறது.

அங்கே தம்பி சாலையோரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் இரண்டு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. கால் வலிக்காக அல்ல. 2020-இலிருந்து என்ன நடந்ததென்று வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதன்பிறகும் கூடுதல் ஷிஃப்ட் கேட்டால் மறுக்காமல் எடுத்தேன். ஓட்டத்துக்கு மூன்று நாள் முன்புகூட இரவு ஷிஃப்ட். யாராவது விசாரித்தால் "நல்லா இருக்கேன்" என்பேன். நான் நர்ஸ், என் உடம்பு எனக்குத் தெரியும் என்ற பெருமை. அண்ணாச்சி லேஸ் கட்டியதுபோல நானும் நாலு வருடமாக லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் முதுகில் பட்டது. மதினி! இடுப்புப் பையிலிருந்து கோவில்பட்டிக் கடலை மிட்டாய் எடுத்து என் கையில் வைத்தார்கள். தம்பிக்கும் ஒன்று. "வாயில போடு. பேசாதே. நட" என்றார்கள். அவ்வளவுதான். வெல்லமும் கடலையும் அந்த நேரத்தில் என்ன ருசி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேடு முழுவதையும் மூன்று பேரும் நடந்தே ஏறினோம். எங்களைச் சுற்றிலும் பாதிப்பேர் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். இறக்கத்தில் எங்களைத் தாண்டிப் போனவர்கள் சிலரும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.

"மதினி, எப்படி இப்படி வருகிறீர்கள்?" என்று பிறகு கேட்டேன். "உங்க அண்ணன் நின்ன இடத்தை மறப்பேனா? மேடு வருமுன்னே அதுக்குச் சேர்த்து வைக்கணும்" என்றார்கள்.

கடைசியில் ஊருக்குள் வரும்போது இன்னொரு சோதனை. நெஸ் ஆற்றின் ஒரு கரையில் நாம் ஓடுகிறோம். முடிவுக் கோடு அக்கரையில். ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுவது காதில் விழுகிறது. ஆனால் பாலம் இன்னும் முன்னால். தாண்டிப்போய், ஆற்றைக் கடந்து, திரும்பி வரவேண்டும். ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலாயிற்று. கயிற்றுக்கு அப்பால் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். மதினியைப் பார்த்ததும் குனிந்தார். லேஸ் கட்டுகிறாரோ என்று பயந்துவிட்டேன். கண்ணைத் துடைத்தாராம்.

இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் நான் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்கினேன். பிள்ளைகளே, சிரிக்காதீர்கள், மாரத்தான் ஓடியவர்கள் பலருக்கு இது நடக்கும்.

சரி, இனி நர்ஸாக மூன்று வார்த்தை.

ஒன்று. மாடி ஏறும்போதோ, மேட்டில் நடக்கும்போதோ, பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதோ நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ கையிலோ வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல் வந்து, நின்றால் விடுகிறதா? வடையின்மேல் பழி போடாமல் சீக்கிரம் டாக்டரிடம் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போதே வந்து விடாமல் இருந்தால், வேர்த்தால், உடனே 999. "ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, விருந்தாளி வருகிறார்களே" என்று பார்க்காதீர்கள்.

இரண்டு. தெற்காசியர்களாகிய நமக்குச் சர்க்கரை வியாதியும் இருதய நோயும் அதிகம், இளவயதிலேயே வருகிறது. இங்கிலாந்தில் 40 முதல் 74 வயதுவரை, ஏற்கெனவே இப்படிப்பட்ட நோய் இல்லாதவர்களுக்கு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இலவச உடல்நலப் பரிசோதனைக்கு அழைப்பு வரும். அந்தக் கடிதத்தைப் பிரிட்ஜ்மேல் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள்.

மூன்று. இரண்டு வேலை பார்க்கிறவர்கள், இரவு ஷிஃப்ட் முடித்து நேரே ஆராதனைக்கு வருகிறவர்கள், ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு இங்கே தூங்காமல் கிடக்கிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். உங்களுக்கும் மேடு வரும். அதற்கு முன்பே ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். மற்றவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: "நல்லா இருக்கேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டுக் குனிந்தால், லேஸ் உண்மையிலேயே அவிழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் மூன்று வாரம் பார்க்கத் தவறினேன். கர்த்தர் கிருபையாக நான்காவது வாரத்தைக் கொடுத்தார்.

பிள்ளைகளே, 4 முதல் 14 வயதுவரை உள்ளவர்களுக்கு ஞாயிறு காலையில் பல பூங்காக்களில் ஜூனியர் பார்க்ரன் என்று 2 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கிறது. இலவசம். ஓடிவிட்டு ஓய்வுநாள் பள்ளிக்கு நேரத்தோடு வந்துவிடுங்கள்; இல்லாவிட்டால் அந்தப் பெரியம்மா என்னைத்தான் கேட்பார்கள்.

பூதத்தைப் பார்த்தேனா? இல்லை. மேட்டில் இருந்தபோது ஏரிப் பக்கம் திரும்பவே இல்லை. மதினியின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.