காட்டுக்கா வேலி, ஊருக்கா வேலி?

(விலங்கு நலமும் வனவிலங்குப் பாதுகாப்பும் பற்றி மட்டக்களப்பிற் கூடிய பிராந்திய மகாநாட்டில் நிகழ்த்தப்பட்ட உரை)



மிருகங்களுக்கு ஒரு மகாநாடு என்றதும் நம்மவரிற் சிலர் முகஞ் சுளித்தனர். மனிதனுக்கே நீதி கிட்டாத நாட்டில் யானைக்கு நீதி தேடுவதா என்று வினவினர். வினா நியாயமானதே. ஆனால் விடை அவர்கள் எண்ணுவது போன்றதன்று. யானையின் வழக்கும் கமக்காரனின் வழக்கும் இரண்டல்ல, ஒரே வழக்கு. அவ்விருவரையும் எதிரெதிர்க் கூண்டில் ஏற்றிவிட்டு, உண்மையான எதிரி நீதிமன்றத்துக்கே வராமல் இருந்து விடுகிறான். அவ்வெதிரியை இன்று பெயர் சொல்லி அழைக்கவே நாம் வந்துள்ளோம். அவன் பெயர் பிழையான நிர்வாகம்.

கணக்கை முதலில் நோக்குவோம். 2011 இல் நாடெங்கும் எடுக்கப்பட்ட கணிப்பில் காட்டு யானைகள் 5,879 எனக் கண்டனர். 2019 இல் மட்டும் 400 இற்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. அவ்வாண்டில் 120 இற்கு மேற்பட்ட மனிதர் யானைகளால் உயிரிழந்தனர். 2023 இல் இரு தொகைகளும் அதனிலுங் கூடின: யானைகள் 470 இற்கு மேல், மனிதர் 170 இற்கு மேல். 2025 பெப்ரவரியில் நமது மட்டக்களப்புப் புகையிரதப் பாதையிலேயே, கபரணைக்கு அண்மையில், ஒரே மோதலில் ஆறு யானைகள் மடிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இத்தனை சாவு இரு பக்கமும் நிகழுமாயின், அதனை விபத்து என்று சொல்வது சொல்லுக்கே இழுக்கு.

யானை நமக்குப் புதிய பகையன்று. பகையாக்கியவன் யார் என்பதற்கு ஏடு உண்டு. வெள்ளையர் ஆட்சியில் யானையைச் சுட்டவனுக்கு அரசாங்கமே சன்மானம் வழங்கியது. குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் டெனன்ற் எழுதியதைப் பாருங்கள்: 1848 இற்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்குச் சன்மானம் கோரப்பட்டது. பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் றொஜர்ஸ் என்பவர் தனியொருவராய் 1,400 இற்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டாராம். அது வீரமென எண்ணப்பட்டது! தன் குரக்கனைக் காக்கப் பரணில் விழித்திருந்த நம் முன்னோன் அந்தக் கணக்கில் எங்குமில்லை.

பின்னர் அரசாங்கம் மனம் மாறியது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் பிறந்தது. அதற்கு முப்பதாண்டு முன்னரே, 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கமாக, மிருகவதைத் தடுப்புக் கட்டளைச்சட்டமும் இயற்றப்பட்டிருந்தது. முன்னையது காட்டு விலங்குக்கு. பின்னையது வீட்டு விலங்குக்கும் பிடித்து அடைத்த விலங்குக்கும். 1907 இன் சட்டம் கொடுமைக்கு விதித்த உச்சத் தண்டம் எவ்வளவு தெரியுமா? நூறு ரூபா, அல்லது மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும். அன்றைய நூறு ரூபாவுக்கு ஒரு மதிப்பிருந்தது. இன்று வண்டில் மாட்டின் முதுகெலும்பை உடைத்தவன் அத்தொகையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வீசிவிட்டுப் போவான். சட்ட ஆணைக்குழு 2006 இல் புதிய விலங்கு நலச் சட்டமூலத்தை வரைந்தது. 2016 இல் அமைச்சரவை அதனை ஏற்றது. ஏற்ற பின்னும் அது ஆண்டுக் கணக்காகக் கோவையிற் கிடந்தது. வாக்கில்லாத உயிர்க்காக எந்த மந்திரி விரைவான்?

சட்டம் பற்றி இவ்வளவு போதும். நம் முன்னுள்ள பெரிய வினா வேலி.

வனஜீவராசிகள் திணைக்களம் நெடுங்காலமாக நம்பி வந்த கொள்கை இது: யானையின் இடம் காடு, மனிதனின் இடம் ஊர், நடுவே ஒரு மின்வேலி. கேட்பதற்கு எவ்வளவு தெளிவு! ஆனால் நாட்டின் நிலை வேறு. 2019 இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று இலங்கை நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானை உண்டெனவும், யானை உலவும் நிலத்தில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதர் வாழ்கின்றனர் எனவும் காட்டிற்று. அவ்வாறாயின் காட்டுக்கு வேலியிட்டு யானையை உள்ளே வைப்பது எங்ஙனம்? வேலிகள் பல எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். ஊரோரத்தில் அல்ல, இத்திணைக்களத்தின் காடு முடிந்து வனத்திணைக்களத்தின் காடு தொடங்கும் எல்லைக் கோட்டில். இப்பக்கமும் காடு, அப்பக்கமும் காடு. இரு பக்கமும் யானை. வேலி பிரிப்பது யானையையும் மனிதனையும் அல்ல, இரண்டு கந்தோர்களை.

ஊரார் கூக்குரலிட்டால் கூட்டத்தைத் துரத்தி வனத்துள் அடைக்கின்றனர். அகப்படுபவை தாயும் கன்றுமே. நெல்லுக்கு வரும் தனியன் கொம்பனோ, அலியனோ, நழுவித் திரும்புகிறது. அடைபட்ட கூட்டங்கள் இரையின்றி எலும்பும் தோலுமாகி மடிந்ததை நாட்டின் தெற்குப் புறத்திற் கண்டனர். சில வேளைகளிற் குழப்பம் செய்யும் ஆண் யானையை லொறியிலேற்றித் தூரத்துக் காட்டில் விடுகின்றனர். அவ்வாறு 16 தடவை இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளைக் கருவி பூட்டித் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2012 இல் வெளியாயிற்று. சில பழைய இடத்துக்கே மீண்டன. சில நாடோடிகளாய் அலைந்தன. விட்ட இடத்திற் படிந்தவை சிலவே. தொல்லை ஒழியவில்லை, புதிய ஊர்களுக்குப் பரவிற்று. வெல்லாவெளியில் ஒரு கொம்பனை ஏற்றிச் சென்றால் வேறோர் ஊரின் ஏழைக்கு அதனைச் சீதனமாக அனுப்புகிறோம் என்பதே பொருள்.

வழி இல்லையா? உண்டு. வேலியைக் காட்டிலிருந்து எடுத்து ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடுவதே அவ்வழி. ஊர் வேலி ஆண்டு முழுவதும் நிற்கும். வயல் வேலியை விதைப்போடு நாட்டி, சூடடித்து நெல் வீடு வந்ததும் கழற்றிவிடலாம். அப்பால் வைக்கோலும் தாள்களும் யானைக்கு. வறட்சியில் அதற்கு இரை கிடைப்பது தரிசிலும், விட்ட சேனையிலும், வற்றிய குளத்து வயிற்றிலுமே. இருண்ட பெருங்காட்டில் அவ்வளவு இல்லை. நம் பாட்டன்மார் மழையிற் சேனை செய்து, கோடையில் அதனை விட்டு அகன்ற பழக்கத்தில் இவ்வறிவு முன்னரே இருந்தது. 2020 இல் சனாதிபதி நியமித்த குழு வரைந்த தேசியச் செயற்றிட்டமும் இதனையே நடுவாகக் கொண்டது. வேலியைப் பராமரிப்பது அதனாற் பயன்பெறும் ஊர்ச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் என்றும் அது கூறிற்று. எழுதிய திட்டத்தை நிறைவேற்றப் பணம் கேட்பது பிச்சையாகாது.

இனி, நம்மைச் சுடும் ஒரு செய்தி. போரால் இடம்பெயர்ந்த மக்களின் காணிகள் ஆண்டுக் கணக்கில் ஆளின்றிக் காடு மண்டின. மீண்டு வந்தவர்கள் தம் கிணற்றையும் தென்னையையும் பற்றைக்குள் தேடியபோது, அங்கே அரசாங்கத்தின் எல்லைக் கற்களைக் கண்டனர். 2015 இல் வட மாகாணத்திற் சுண்டிக்குளம், மடு வீதி, நெடுந்தீவு, இராமர் பாலம் எனத் தேசிய வனங்கள் அறிவிக்கப்பட்டன. தேசிய வனத்துக்கு நாம் விரோதிகளல்லர். உறுதியும் உத்தரவுப் பத்திரமும் கையில் உள்ளவனைக் கேளாமல் வரையும் கோட்டுக்கே விரோதிகள். இவ்வாறு வரையப்படும் ஒவ்வொரு கோடும் கமக்காரன் மனத்தில் யானையின் மேல் வெறுப்பை ஊட்டுகிறது. காணி பறிபோன கோபத்தை அவன் கந்தோரிற் காட்ட இயலாது. இரவில் வரும் யானையிடம் காட்டுகிறான்.

அதற்காக நம்மவர் செய்வதனைத்தும் சரியென்று நாம் சொல்லப் போவதில்லை. பன்றிக்கு வைக்கும் வாய்வெடியை, சிங்களத்தில் ஹக்கபட்டாஸ் என்பதை, பூசணிக்காயில் மறைத்து வைக்கின்றனர். அதனைக் கடித்த யானைக் கன்று தாடை சிதறி, உண்ணவும் குடிக்கவும் இயலாது நாட்கணக்கில் நின்று சாகிறது. மேய்ச்சலுக்குப் போன பசுவும் அதற்குத் தப்புவதில்லை. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியிற் கொடுப்பது மற்றொரு கொடுமை. முறையான யானை வேலி கணத்துக்குக் கணம் விட்டு விட்டு அடித்து விரட்டும், கொல்லாது. வீட்டு மின்சாரமோ யானையையும் கொல்லும், விடியற்காலம் வரம்பில் நடக்கும் அயலவனையும் கொல்லும். அவ்வழக்குகளில் எதிரிக் கூண்டில் நிற்பவன் பெரும்பாலும் அரை ஏக்கர்க் குத்தகைக்காரன். அவனுக்காக வாதாட நாம் கூசுவதில்லை. அச்செயலுக்காக வாதாட மாட்டோம்.

ஆகவே இம்மகாநாட்டின் முன் பிரேரணை ஒன்றை வைக்கின்றோம். அடுத்த பெரும்போக விதைப்புக்கு முன்னர் ஊர் வேலியும் வயல் வேலியும் படுவான்கரையிலும் வன்னி எல்லைக் கிராமங்களிலும் தொடங்கப்படல் வேண்டும். பயிருக்கும் உயிருக்கும் நட்டஈடு, கருணைத் தொகையாக அன்றி உரிமையாக, குறித்த தவணைக்குள் வழங்கப்படல் வேண்டும். காணி வழக்குத் தீரும்வரை புதிய எல்லைக் கல் நாட்டலாகாது. நூறு ரூபாத் தண்டத்துக்குப் பதிலாக விலங்கு நலச் சட்டம் வேண்டும். வாய்வெடி செய்பவனையும் விற்பவனையும் நம் ஊர்ச் சங்கங்களே பொலிசாருக்குக் காட்டிக் கொடுத்தல் வேண்டும்; இக்கடைசி வரிக்கு எதிர்ப்பு வரும் என்று அறிந்தே சேர்த்துள்ளோம்.

பிரேரணையின் பிரதிகள் வாசலில் உள்ளன. ஒவ்வொரு கமக்காரர் அமைப்பின் செயலாளரும் தம் ஊரில் யானை வரும் வழியையும், வேலி நிற்க வேண்டிய இடத்தையும், பயிரிழந்தோர் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டு ஒரு மாதத்துக்குள் நம்மிடம் சேர்ப்பிக்கக் கேட்டுக்கொள்கிறோம். அவ்விவரங்களை ஒன்றாகக் கட்டிக்கொண்டு கச்சேரிக்கும், அங்கு கதவு திறக்காவிடின் நீதிமன்றத்துக்கும் செல்வோம்.